சுவாமி மலையடி டைவிங்: மேல கண்ணாடி, கீழ இழுவை. யாரில பிழை?

கடற்குஞ்சு (வெள்ளி, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில இருந்து லீவுக்கு வந்திருக்கிறன். அம்மாவின்ர ஊர் திருகோணமலை. போன வருசம் ஒண்டாரியோவில ஒரு பழைய கல்குவாரித் தண்ணிக்குள்ள ஓபன் வோட்டர் கார்ட் (டைவிங்கின்ர முதல் படிச் சான்றிதழ்) எடுத்தனான். இதுவரைக்கும் 14 டைவ், எல்லாம் அசையாத தண்ணி.

செவ்வாய் காலமை சுவாமி மலையடிக்குப் போனம். கோணேசர் கோயிலுக்குக் கீழ கடலுக்குள்ள தூண் துண்டுகள் கிடக்கெண்டு சின்ன வயசிலயே அம்மா சொல்லுவா, அந்த ஆசைதான். போட்டில இருந்து பாக்கேக்க கடல் கண்ணாடி மாதிரி, ஒரு நுரை கூட இல்லை. நங்கூரக் கயித்தைப் பிடிச்சு இறங்கினம். வழிகாட்டி, நான், ஒரு ஜேர்மன்காரர். 18 மீற்றர். முதல் அஞ்சு நிமிசம் சொர்க்கம். பாறை முனையைத் திரும்பினதுதான், ஆரோ பின்னால நிண்டு சேட்டைப் பிடிச்சு இழுத்த மாதிரிக் கிடந்தது.

கயித்தடிக்குத் திரும்புவம் எண்டு அடிச்சு நீந்தினன். கால் விறைச்சுப்போச்சு, முன்னால இருந்த கல்லு முன்னாலயே நிண்டுது. 200 பார் காத்தமுக்கத்தோட இறங்கின சிலிண்டர், 14ஆவது நிமிசம் 50 காட்டுது. மேல வந்தா போட் ஒரு பொட்டு மாதிரித் தெரியுது. அதுக்குள்ள ஒரே ஒரு ஆள், நங்கூரம் பாறைக்குள்ள மாட்டுப்பட்டு அவரால எடுக்க ஏலேல்லை. கையைக் காட்டினம், கத்தினம். முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட மிதந்து, கடைசியில ஒரு மீன்பிடிப் போட் வந்து தூக்கினது. என்ர மஞ்சள் துடுப்பு ஒண்டும் போச்சு.

கரைக்கு வந்தாப் பிறகு கடைக்காரர் சொன்னது: "உமக்கு நீந்தப் பலம் காணாது." உண்மையோ? இந்த அனுபவத்தோட அங்க இன்னொருக்கால் போகலாமோ?

நிர்வாகி (வெள்ளி, இரவு 9.55)

கடையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் யாரும் இங்கே போட வேண்டாம். தனிமடலிலும் கேட்க வேண்டாம். மற்றபடி பேசுங்கள்.

மெரினா_மணி (வெள்ளி, இரவு 10.20)

பத்திரமா வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். நான் சென்னை. புதுச்சேரியிலயும் அந்தமான்லயும் நிறைய டைவ் பண்ணியிருக்கேன். இதுல ரகசியம் ஒண்ணுமில்லைங்க, டைட் டேபிள் பார்த்திருக்கணும். அந்தமான்ல ஏத்தமும் வத்தமும் மாறுற இடைவெளியில தண்ணி சும்மா நிக்கும், அந்த நேரத்துலதான் இறங்குவோம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்னா இன்னும் ஜாக்கிரதை. உங்க கடைக்காரர் அதைப் பார்த்தாரான்னு கேளுங்க.

உப்புவெளியான் (வெள்ளி, இரவு 11.05)

மணி அண்ணா, அந்தமானுக்கு நீங்க சொல்லுறது முழுக்கச் சரி. திருகோணமலைக்கு அது பொருந்தாது. இங்க பெருக்குக்கும் வத்துக்கும் வித்தியாசம் பெரிய நாளிலயே ஒரு மீற்றர் வராது. அந்தமானில ரெண்டு மீற்றர் அளவில ஏறி இறங்கும். வத்துப் பெருக்கு அட்டவணையைப் பாத்து இங்க இறங்கிறது, பஞ்சாங்கத்தைப் பாத்து பஸ்ஸுக்குப் போற மாதிரி. நல்ல நேரம் இருக்கும், பஸ் இராது.

நான் உப்புவெளியில 11 வருசமா ஆக்களைத் தண்ணிக்குள்ள கூட்டிக்கொண்டு போறன். தம்பி கடற்குஞ்சு, உம்மை ஏமாத்தினது அந்தக் கண்ணாடித் தண்ணிதான். ஜூலையில இங்க கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து. காத்துத் தரையில இருந்து கடலுக்கு வீசுது. ஊரும் மலையும் மறைச்சு நிக்கிறதால கரையடியில அலை எழும்பாது. ஆனா அந்தக் காத்து மேல்தண்ணியை வெளிய தள்ளிக்கொண்டேதான் இருக்கு. அலை இல்லை எண்டதுக்காக ஓட்டம் இல்லை எண்டு அர்த்தமில்லை. காலமையில மேல வந்து மிதக்கிறவனை அது கரைக்குக் கொண்டுவராது, கிழக்கால கொண்டுபோகும்.

பலம் காணாது எண்டது வெறும் கதை. கணக்கைப் பாரும். ஒரு நொட் ஓட்டம் எண்டா நிமிசத்துக்கு 30 மீற்றர். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அதுக்கு எதிரா அஞ்சு நிமிசம் நிண்டுபிடிக்க எனக்கே ஏலாது. உம்மட சிலிண்டர் சாதாரண அலுமினியம் எண்டா 11 லீற்றர் அளவு. 200இல இருந்து 50 மட்டும் 150 பார், அதாவது 1650 லீற்றர் காத்து. ஆறுதலா இருக்கிற ஆள் கரையில நிமிசத்துக்கு 20 லீற்றர் மூச்சுவிடுவார். 18 மீற்றரில அமுக்கம் 2.8 மடங்கு, அப்ப 56 லீற்றர், கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் காணும். முதல் அஞ்சு நிமிசம் ஆறுதலா 280 லீற்றர் போச்சு, மிச்சம் 1370. அடிச்சு நீந்தினா மூச்சு மூண்டு மடங்கும் ஆகும், நிமிசத்துக்கு 168 லீற்றர். அதுக்கு எட்டு நிமிசம்தான் காணும். அஞ்சும் எட்டும் 13, நீர் சொன்ன 14க்குக் கிட்ட வருது. உம்மட காத்தைக் குடிச்சது ஓட்டம் இல்லை, ஓட்டத்தோட நீர் பிடிச்ச சண்டை.

கடற்குஞ்சு (சனி, காலை 6.30)

அண்ணா, அப்ப நான் என்ன செய்திருக்க வேணும்? சண்டை பிடிக்காம அப்பிடியே போயிருக்கிறதோ?

உப்புவெளியான் (சனி, காலை 7.10)

முனையில பிடிபட்ட அந்தக் கணத்திலயே கீழ போயிருக்க வேணும். தண்ணி அடியில தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓடுறது, கல்லுக்கு ஒட்டின ஒண்டு ரெண்டு முழத்தில வேகம் குறைவு. வயித்தைக் கல்லோட வைச்சு, வெறும் பாறையில (முருகைக்கல்லில, அதாவது பவளத்தில, இல்லை!) கையால பிடிச்சுப் பிடிச்சு ஒரு பெரிய கல்லின்ர மறைவுக்குப் போய் மூச்சை ஆத்தியிருக்கலாம். அதுக்கும் ஏலாட்டி டைவ் முடிஞ்சுது எண்டு வழிகாட்டி பெருவிரலைக் காட்டவேண்டியது. மூண்டு பேரும் ஒண்டா, நிமிசத்துக்கு 9 மீற்றருக்கு மேல போகாம ஏறி, அஞ்சு மீற்றரில மிதவையை (காத்து நிரப்பி மேல விடுற அடையாளக் குழாய்) விட்டு, ஓட்டத்தோடயே போய்க்கொண்டு மூண்டு நிமிசம் நிண்டு, மேல வந்தா போட் பக்கத்தில நிக்க வேணும்.

அந்தக் கடைசிச் சொல்லுத்தான் விசயம். போட் பக்கத்தில நிக்க வேணும்.

மெரினா_மணி (சனி, காலை 8.00)

டைட் விஷயத்துல ஒத்துக்கறேன், புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன். ஆனா மிதவையே இல்லாத டீம், போட்டும் பின்னால வரலை, அப்போ அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணுமா? ஒரு நாட்னா இன்னும் 90 மீட்டர் தள்ளிப் போயிடுவாங்களே.

உப்புவெளியான் (சனி, காலை 8.25)

நல்ல கேள்வி அண்ணா. 18 மீற்றரில 14 நிமிசம் எண்டது எந்த அட்டவணையிலும் எல்லைக்கு நல்லா உள்ள. அந்த மூண்டு நிமிசம் நல்ல பழக்கமே தவிர கட்டாயமில்லை. மிதவையும் இல்லை, மேல ஆரும் பாக்கவும் இல்லையெண்டா நான் நிக்காம மெதுவா ஏறுவன். வேற ஆசிரியர்மார் இதுக்கு என்னோட சண்டைக்கு வருவினம், வரட்டும். மிதவை இருந்தா கட்டாயம் நிப்பன்.

திருக்கடலூர்ப்_பெடியன் (சனி, காலை 9.15)

செவ்வாய்க்கிழமை உங்களைத் தூக்கினது எங்கட சித்தப்பா. நானும் போட்டில இருந்தனான். 😀 மஞ்சள் துடுப்பு வலைக்குள்ள கிடக்கு, வந்து எடுங்கோ.

உண்மையைச் சொல்லுறன், நாங்க உங்களைக் காணேல்லை. சித்தப்பா ஆமை எண்டுதான் நினைச்சவர். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலை, சூரியன் கிழக்கால, தண்ணி தகரம் மாதிரிப் பளபளக்குது. ஆமை மூண்டு ஒண்டாப் போகாதே எண்டுதான் திரும்பினவர். ஒரு ஆரஞ்சுத் துணி கையில இருந்திருந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு முதலே கண்டிருப்பம். நீங்க கத்தினதும் கேக்கேல்லை, எஞ்சின் சத்தத்துக்கு மனுசக் குரல் எங்க கேக்கும்? விசில் எண்டா சிலநேரம் கேக்கும்.

நீங்க போய்க்கொண்டிருந்தது தெற்கால, குடா வாய்க்கு அங்கால இருக்கிற ஃபவுல் பொயின்ற் முனைப் பக்கம். தெற்கால போற தண்ணியும் கிழக்கால தள்ளுற காத்தும் சேர்ந்து கொண்டுபோனா கொட்டியாரக் குடா வாயைத் தாண்டி வெளிக்கடல்தான். அங்க நாங்களும் அந்த நேரம் போறேல்லை.

டைவிங் ஆக்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு விடிய நாலு மணிக்கே எங்களுக்குத் தெரியும் தண்ணி ஓடுதெண்டு. போட்ட வலை நேரா நிக்காமச் சாஞ்சு படுத்திட்டுது. கடற்கரையில பத்துப் பேர் வலை தெரிஞ்சுகொண்டு நிண்டவங்கள். ஒரு ஆளைக் கேட்டாச் சொல்லியிருக்க மாட்டமா? ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஃபோனில காத்து மட்டும் பாக்கிறியள்.

உப்புவெளியான் (சனி, காலை 9.50)

தம்பி சொல்லுறது எனக்கும் சேர்த்துத்தான் படுது, ஏற்றுக்கொள்ளுறன். ஆனா ஃபோனை மட்டும்தான் பாக்கிறம் எண்டது சரியில்லை. நான் போனவுடன நங்கூரக் கயித்தைப் பாப்பன். நேரா இறங்கினா சரி, சாஞ்சா யோசிக்கவேணும். பிறகு ஒரு தேசிக்காய்த் துண்டைத் தண்ணியில போட்டு மணிக்கூட்டைப் பாப்பன். போட்டின்ர நீளத்தைப் பத்து செக்கனுக்குள்ள தாண்டினா புது ஆக்களை இறக்கமாட்டன்.

திருக்கடலூர்ப்_பெடியன் (சனி, காலை 10.05)

தேசிக்காய் மேல்தண்ணியைத்தான் காட்டும் அண்ணை. மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம் ஓடுற நாளும் இருக்கு. ஈயம் கட்டின தூண்டில் நூலை விட்டுப் பாருங்கோ.

நீலக்குறிப்பு (சனி, முற்பகல் 11.30)

கடலியல் படிக்கும் மாணவி. மேல் ஓட்டமும் கீழ் ஓட்டமும் வேறுபடுவது பற்றித் தம்பி சொன்னது மிகச் சரி. மேல்தண்ணீரைக் காற்று தள்ளுகிறது, கீழே பெரிய ஓட்டம் தன் போக்கில் போகிறது.

அந்தப் பெரிய ஓட்டம் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே கடலில் ஒரு பெரிய இடஞ்சுழி (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஓட்டம்) உருவாகும். கடலியலாளர்கள் அதை இலங்கைக் குவிமாடம் என்பார்கள். அதன் நடுவில் குளிர்ந்த அடித்தண்ணீர் மேலே எழும். சுழியின் மேற்கு விளிம்பு நமது கரைப்பக்கம் என்பதால் இங்கே ஓட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கியது. உங்களை ஃபவுல் பொயின்ற் பக்கம் கொண்டுபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இது நாள்தோறும் மாறும், சிறு சுழல்கள் வந்து திசையையே திருப்பிவிடும். அதனால்தான் நேற்றைய ஓட்டத்தை வைத்து இன்றைக்கு இறங்கக் கூடாது.

நில அமைப்பு இன்னொன்று. துறைமுக வாயிலிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப்போக 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. கோயில் வாசலில் நின்றே நீலத்திமிங்கிலம் ஊதுவதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள் என்றால் காரணம் அந்த ஆழம்தான். கரையோரம் வரும் ஓட்டம் சுவாமி மலை போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் முட்டினால் நெருக்குப்பட்டு வேகம் கூடும், முனையைத் தாண்டியதும் சுழலும். நீங்கள் பிடிபட்டது சரியாக அந்த இடத்தில்.

தண்ணீருக்குள் தெரியும் அடையாளமும் உண்டு. விசிறிப் பவளங்கள் வளர்ந்து நிற்கும் இடம் அடிக்கடி ஓட்டம் ஓடும் இடம். ஓட்டத்துக்குக் குறுக்காகவே அவை விரிந்திருக்கும். மீன் கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் முகம்வைத்து நின்றால், ஓட்டம் வருவது அந்தப் பக்கத்திலிருந்து.

கிண்ணியா_நானா (சனி, பகல் 1.15)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். படிச்சவங்க நிறையப் பேசிட்டீங்க. எனக்கு வயசு 58. இருபது வருசம் கடலட்டைக்கு இறங்கினவன். எங்களுக்கு கார்டும் இல்ல, மணிக்கூடும் இல்ல. ஆனா ஒரு விசயத்தில உங்க கடைக்காரங்களை விட நாங்க கவனம். போட்டுக்காரன் நங்கூரம் போடமாட்டான். எஞ்சினை மெதுவா ஓட விட்டுக்கிட்டு நுரைக்குப் பின்னாலயே வருவான். நுரை நிண்டா அவன் நெஞ்சும் நிண்டுரும். அவன்தான் எங்க உசிரு, மீனுக்குப் போற கூலியை விட அவனுக்குக் கூலி கூட.

மகன், உங்க போட்ல ஒரு ஆள் மட்டும், அதுலயும் நங்கூரம் கல்லுல. அந்த மனுசன் என்ன செய்வான்? கயித்தை வெட்டிட்டு ஒரு மிதப்பைக் கட்டி விட்டுட்டு வந்திருக்கணும். நங்கூரம் போனா நாளைக்கு எடுக்கலாம். ஆனா வெட்டச் சொல்லி அவனுக்கு யாராவது முதலே சொல்லி வெச்சிருக்கணும். முதலாளிட நங்கூரத்தை வெட்ட கூலிக்காரனுக்குக் கை வருமா?

எங்ககிட்ட இருந்து படிக்கக்கூடாததும் இருக்கு. ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், அஞ்சு சிலிண்டர், ஆழம் பாக்கிறதில்ல, ஏறும்போது நிக்கிறதில்ல. எங்க மச்சான் ஒருத்தர் இப்பவும் தடி ஊண்டித்தான் நடக்கிறார். ரெத்தத்துல காத்து குமிழி கட்டினதுன்னு டொக்டர் சொன்னார், நாங்க வாதம்னு எண்ணெய் பூசிட்டு இருந்தோம், மூணு நாள். அந்த மூணு நாள்தான் அவர்ட காலைக் கொண்டுபோனது.

மட்டுவாவி (சனி, மாலை 4.40)

நானா சொன்ன அதே பாடம் எங்கட பக்கமும். மட்டக்களப்புக்கு வெளிய ஹெர்மிஸ் கிடக்கு, 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட அண்டே தாட்ட விமானந்தாங்கி. 50 மீற்றருக்கும் கீழ, திறந்த கடல். அங்க நாங்க செய்யிறது லேசான வேலை: இறங்கு கயித்தில கட்டின மிதவையைப் பாப்பம். மிதவை தண்ணிக்கு மேல நிண்டா யோசிப்பம். ஓட்டம் இழுத்து மிதவை தண்ணிக்குள்ள தாண்டு கிடந்தா போட்டைத் திருப்பிக் கொண்டுவந்து சோறு தின்பம். மூண்டு தரம் காசு கட்டிப்போட்டு ஹெர்மிஸைக் காணாமலே கொழும்புக்குத் திரும்பினவர் ஒருத்தர் இருக்கார், இன்னும் எங்களோட கோவம்.

உப்புவெளியான் (சனி, மாலை 5.30)

கோவம் எண்டதும் ஞாபகம் வருது. எங்கட பக்கத்து உண்மையையும் எழுதுறன், கடைக்காரருக்கு வக்காலத்து இல்லை. போட்டில ரெண்டு பேர் வைச்சா செலவு கூடும். விலையைச் சொன்னா "பக்கத்துக் கடையில குறைவு" எண்டு வாற ஆக்கள் பேரம் பேசுவினம். பக்கத்துக் கடையில ஏன் குறைவு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. கடலுக்குப் போய் ஓட்டம் எண்டு திரும்பினா காசைத் திருப்பித் தா எண்டு நிப்பினம். சீசன் ஏப்ரல், மேயில தொடங்கி செப்டெம்பரோட சரி. வாடைக்காத்து வந்தா தண்ணி கலங்கிப்போகும், கடை பூட்டு. அஞ்சு மாசத்தில வருசத்தை ஓட்டவேணும். இதெல்லாம் சேர்ந்துதான் "இண்டைக்கு வேண்டாம்" எண்ட சொல்லு வாயில வராமப் போகுது.

அதுக்காக மூண்டு பேருக்கு ஒரு மிதவை கூடக் கொண்டுபோகாத வழிகாட்டிக்கு மன்னிப்பு இல்லை. அது ஒரு கோதுமை மாப் பை அளவில மடியிற சாமான்.

கடற்குஞ்சு (சனி, இரவு 8.15)

எல்லாருக்கும் நன்றி. திருக்கடலூர்த் தம்பி, சித்தப்பாவுக்கு அண்டைக்கு டீசல் காசு குடுக்கப் போனன், கையைத் தட்டிவிட்டார். நாளைக்கு வாறன்.

மூண்டு கேள்வி. ரீஃப் ஹுக் எண்டு கல்லில மாட்டிற கொக்கி ஒண்டு விக்கினம், வாங்கட்டோ? புறாமலைத் தீவில அம்மாவை ஸ்நோர்க்கல் செய்யக் கூட்டிக்கொண்டு போகலாமோ? அந்தத் தூண்கள் உண்மையிலயே கிடக்கோ? செவ்வாய்க்கு நுவரெலியா போறம், அதுக்கு முதல் ஒருக்கால் இறங்க ஆசை.

மெரினா_மணி (சனி, இரவு 8.40)

ஹுக் மாலத்தீவு வாய்க்கால்கள்ல பிரமாதமா வேலை செய்யும். கல்லுல மாட்டிட்டுப் பட்டம் மாதிரி பறந்துகிட்டே சுறா பார்க்கலாம். ஆனா பழகாதவங்க மாட்டிட்டுக் கழட்டத் தெரியாம தவிச்சதையும் பார்த்திருக்கேன். 14 டைவுக்கு வேண்டாம்.

நீலக்குறிப்பு (சனி, இரவு 9.20)

புறாமலைக்கு ஹுக் கொண்டே போக வேண்டாம், தயவுசெய்து. 2003 முதல் அது தேசியப் பூங்கா. கடல் சூடேறி வெளிறியும், வெடி போட்டு மீன் பிடித்தும், கால் வைத்து மிதித்தும் அங்கே மிஞ்சியிருக்கும் முருகைக்கல் கொஞ்சம்தான்.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். மிதப்புச் சட்டை கட்டாயம். காலையில் முதல் போட். கரைக்கும் பாறைக்கும் இடையே ஆழமில்லாத இடத்தில் நிற்கட்டும். பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் நடுவிலும், தீவின் முனைகளைச் சுற்றியும் நீந்தப் போகக் கூடாது, அங்கே தண்ணீர் நெருங்கி ஓடும். கறுப்பு முனைத் துடுப்புள்ள சின்னச் சுறாக்கள் வரும், அம்மா பயப்பட வேண்டாம். அவை அவரைக் கண்டு ஓடிவிடும்.

தூண்கள் பற்றி: போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்தார்கள், கல்லைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள், மிச்சம் கடலில் விழுந்தது. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிச் செதுக்கிய கற்களைப் பார்த்தார்கள். போலியோவின் பாதிப்பால் பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்ட கிளார்க், தண்ணீருக்குள் மட்டும் தனக்கு உடல் பாரமில்லை என்று இந்தக் கடலைக் கொண்டாடியவர். இன்றைக்கும் செதுக்கிய கற்கள் கிடக்கின்றன. பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

உப்புவெளியான் (சனி, இரவு 9.45)

நுவரெலியா எண்டு போகிற போக்கில சொல்லிப்போட்டீர்! அது 1868 மீற்றர் உயரம். விமானத்துக்கு என்ன விதியோ மலைக்கும் அதுதான். கடைசியா மேல வந்த பிறகு, ஒரே ஒரு டைவ் எண்டா 12 மணித்தியாலம், ஒண்டுக்கு மேல எண்டா 18. திங்கள் காலமை ஒண்டோட நிப்பாட்டினா செவ்வாய் ஆறுதலா வெளிக்கிடலாம். எங்க போனாலும் "கிட்ட எங்க அழுத்த அறை இருக்கு, இப்ப வேலை செய்யுதோ" எண்டும் கடையில கேளும், நானா சொன்ன அந்தக் குமிழிக்கு வைத்தியம் அதுக்குள்ளதான். முழிச்சுப் பாத்தா வேற கடை.

கடற்குஞ்சு (திங்கள், பிற்பகல் 2.30)

போயிட்டு வந்தன். வேற கடை, போட்டில ரெண்டு பேர். அழுத்த அறையைக் கேட்டன், பதில் டக்கெண்டு வந்துது. முதல் திருக்கடலூருக்குப் போய் துடுப்பை எடுத்துக்கொண்டு சித்தப்பாவைக் கேட்டன். வலைக்குள்ள இருந்த கும்பளாவைக் கழட்டிக்கொண்டே, நிமிர்ந்தும் பாக்காம, "இண்டைக்கு ஓட்டம் குறைவு, பத்து மணிக்குப் பிறகு தெரியாது" எண்டார்.

ஏழரைக்கு இறங்கினம். நங்கூரம் இல்லை, போட் மேல மெதுவாச் சுத்திக்கொண்டு நிண்டுது. ஓட்டம் இருந்தது, ஆனா எதிர்க்காம பாறையோட ஒட்டி அதன்ர போக்கிலயே போனம். 16 மீற்றரில ஒரு நீட்டுக் கல், நாலு பக்கமும் சதுரமா வெட்டினது, நடுவில ஒரு குழி. அதுக்குள்ள ஒரு விலாங்கு வாயைத் திறந்துகொண்டு இருந்தது. 12 மீற்றருக்குக் கீழ தண்ணி திடீரெண்டு குளிர்ந்தது, அது அந்தக் குவிமாடத்தின்ர தண்ணியோ எண்டு அக்காவைத்தான் கேக்கவேணும். 41 நிமிசம். மேல வரேக்க 70 பார்.

முனைக்குக் கிட்ட வந்தவுடன வழிகாட்டி கையைக் குறுக்கால காட்டி எல்லாரையும் ஏத்திப்போட்டார். எனக்கு இன்னும் காத்து இருந்தது, கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. மிதவையை விட்டு, அஞ்சு மீற்றரில தொங்கிக்கொண்டு கீழ பாத்தன். மீனெல்லாம் நாங்க வந்த பக்கத்தைப் பாத்து முகம்வைச்சு, ஒரே இடத்தில நிண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்துது.

திருக்கடலூர்ப்_பெடியன் (திங்கள், பிற்பகல் 3.05)

கும்பளா இல்லை, அது சூரை. 😀 பத்தேகாலுக்கு எங்கட மற்ற வலையும் படுத்திட்டுது.